ஓசூருக்கு மெட்ரோ: தடுப்பது மின்சாரமா, மாநில எல்லையா?

ஓசூரில் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இப்படி வாழ்பவர்கள் நம்மில் நிறையப் பேர். பெங்களூருவோடு ஒப்பிட்டால் வாடகை குறைவு, சொந்த ஊருக்கும் கொஞ்சம் பக்கம். இடிக்கிற விஷயம் ஒன்றுதான்: தினமும் அத்திபெலே எல்லையைத் தாண்டி ஓசூர் ரோடு டிராஃபிக்கில் போய் வருவது.

அதனால்தான் 2025 ஆகஸ்ட் 10 அன்று நம்ம மெட்ரோவின் மஞ்சள் பாதை திறக்கப்பட்டபோது, ஓசூரிலும் ஒரு எதிர்பார்ப்பு எழுந்தது. ஆர்.வி. ரோட்டிலிருந்து சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை 19.15 கி.மீ., 16 நிலையங்கள். அங்கிருந்து ஓசூருக்கு இன்னும் சுமார் 23 கி.மீ.தான். சென்னை மெட்ரோ நிறுவனம் இதற்கான சாத்தியக்கூறு ஆய்வையும் நடத்தியது. ஆனால் 2025 நவம்பரில் பெங்களூரு மெட்ரோ நிறுவனம், தொழில்நுட்பரீதியாக இது சாத்தியமில்லை என்று சொல்லிவிட்டது.

என்னதான் பிரச்னை?

அந்தத் தொழில்நுட்பச் சிக்கல் என்ன?

நம்ம மெட்ரோ ரயிலுக்கு மேலே மின்கம்பி கிடையாது. தண்டவாளத்தை ஒட்டி ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் டிசி மின்சாரம் எடுத்து ஓடுகிறது. சென்னை மெட்ரோவில் மேலே செல்லும் கம்பி வழியாக 25,000 வோல்ட் ஏசி. ஓசூர் பாதைக்கும் சென்னை தரப்பு இந்த ஏசி முறையைத்தான் முன்வைத்தது. உயர் வோல்டேஜில் மின் இழப்பு குறைவு, துணை மின்நிலையங்களும் குறைவாகவே தேவைப்படும். ஆக, ஓசூரிலிருந்து வரும் ரயில் பொம்மசந்திராவோடு நின்றுவிடும். அதைத் தாண்டி ஓட முடியாது.

அப்போ இரண்டையும் இணைக்கவே முடியாதா?

முடியும். லண்டனின் தேம்ஸ்லிங்க் ரயில்கள் இதே இரண்டு முறைகளில்தான் ஓடுகின்றன. நகரின் வடக்கே 25,000 வோல்ட் ஏசி கம்பி, தெற்கே 750 வோல்ட் டிசி மூன்றாவது தண்டவாளம். நகர மையத்தில் நிலையத்தில் நிற்கும்போதே ரயில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடும். 1988 முதல் இது நடக்கிறது. மும்பை புறநகர் ரயில்பாதை டிசியிலிருந்து ஏசிக்கு மாறிய காலத்திலும், இரண்டிலும் ஓடக்கூடிய ரயில்கள் அங்கே ஓடின.

இரட்டை மின்முறை ரயில் விலை கூடுதல், எடையும் கூடுதல் என்பது உண்மை. அதைவிட எளிய வழியும் உண்டு: ஓசூர் பாதையையும் 750 வோல்ட் டிசியிலேயே கட்டுவது. அதுவும் வேண்டாமென்றால், பொம்மசந்திராவில் ஒரே பிளாட்பாரத்தின் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும்படி அமைக்கலாம்.

ஆகவே வோல்டேஜ் ஒரு சிக்கல்தான், முட்டுச்சுவர் இல்லை.

பின்னே எது முட்டுச்சுவர்?

பாதை யாருடையது, பணம் யாருடையது என்ற கேள்வி. முழுப் பாதையில் ஏறக்குறைய பாதி கர்நாடக மண்ணில் வருகிறது. அந்தப் பகுதியை யார் கட்டுவது, ரயிலை யார் ஓட்டுவது, நஷ்டம் வந்தால் யார் தாங்குவது? முதலீடும் வேலையும் ஓசூருக்குப் போய்விடும் என்று சொல்லிக் கன்னட அமைப்புகள் சில இத்திட்டத்தை எதிர்க்கின்றன. இந்த அரசியலை வெளிப்படையாகப் பேசுவதைவிட வோல்டேஜைக் காரணம் காட்டுவது எல்லோருக்கும் சுலபம்.

டெல்லியில் இதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. டெல்லி மெட்ரோ 2009-ல் உத்தரப்பிரதேசத்தின் நொய்டாவுக்கும், 2010-ல் ஹரியானாவின் குருகிராமுக்கும் நீண்டது. செலவில் அந்தந்த மாநிலத் தரப்பும் பங்கேற்றது. ஓட்டுவது ஒரே நிறுவனம், பயணிக்கு ஒரே டிக்கெட். 2019-ல் நொய்டா தனி நிறுவனம் வைத்து அக்வா பாதையைத் திறந்தது. விளைவு? டெல்லி மெட்ரோவின் செக்டர் 52 நிலையமும், நொய்டா மெட்ரோவின் செக்டர் 51 நிலையமும் தனித்தனி. ஒன்றில் இறங்கி மற்றொன்றுக்குச் சுமார் 300 மீட்டர் நடக்க வேண்டியிருந்தது. இரண்டு நிறுவனங்கள் ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பேசாவிட்டால், அந்தத் தூரத்தைப் பயணிதான் நடந்து கடக்கிறார்.

ஒன்றிய அரசுக்கு இதில் என்ன வேலை?

நிறைய. பெங்களூரு மெட்ரோவில் ஒன்றிய அரசுக்கும் கர்நாடகாவுக்கும் 50:50 பங்கு. சென்னை மெட்ரோவில் ஒன்றிய அரசுக்கும் தமிழ்நாட்டுக்கும் 50:50. அதாவது இரண்டு நிறுவனத்திலும் பாதிப் பங்காளி ஒருவரே. இரு தரப்பையும் ஒரே மேசைக்கு அழைக்க டெல்லியைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

ஆனால் இன்னொரு சிக்கலும் அங்கேயே இருக்கிறது. 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியபோது, மக்கள்தொகை 20 லட்சத்தைத் தொடவில்லை என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் ஓசூரின் மக்கள்தொகை சுமார் 1.17 லட்சம். தனி நகரமாகக் கேட்டால் ஓசூருக்கு வாய்ப்பு குறைவு. பெங்களூருவின் நீட்சியாகக் கேட்டால் மட்டுமே வாதம் நிற்கும். அதற்குக் கர்நாடகாவின் சம்மதம் தேவை.

பாதை வந்துவிட்டால் போதுமா?

போதாது. மஞ்சள் பாதையே இதற்குப் பாடம். 15 ரயில்கள் தேவைப்பட்ட பாதை வெறும் 3 ரயில்களோடு திறந்தது. 25 நிமிடத்துக்கு ஒரு ரயில். நான்காவது வந்ததும் 19 நிமிடம், ஐந்தாவது வந்ததும் 15 நிமிடம். கணக்கு எளிது: ஒரு ரயில் போய்த் திரும்ப சுமார் 75 நிமிடம். அதை ரயில்களின் எண்ணிக்கையால் வகுத்தால் நீங்கள் காத்திருக்கும் நேரம் கிடைக்கும். 15 ரயில் இருந்தால் 5 நிமிடம்.

இதே வேகத்தில் ஆர்.வி. ரோடு முதல் ஓசூர் வரை 42 கி.மீ. ஓடினால், போய்த் திரும்ப சுமார் 165 நிமிடம் ஆகும். 5 நிமிடத்துக்கு ஒரு ரயில் வேண்டுமென்றால் 33 ரயில்கள் வேண்டும். தூண்கள் எழுந்த பிறகும் ரயில் பெட்டிகளுக்காகக் காத்திருந்த அனுபவம் மஞ்சள் பாதைக்கு ஏற்கெனவே உண்டு.

அதுவரை என்ன வழி?

ரயில்வேயைப் பாருங்கள். ஓசூர் ரயில் நிலையம் தமிழ்நாட்டில் இருந்தாலும், தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில்தான் வருகிறது. அங்கே மாநில எல்லை தடையாக இல்லை, இரண்டு மின்முறைக் குழப்பமும் இல்லை. பையப்பனஹள்ளி–ஓசூர் இடையே சுமார் 48 கி.மீ. இரட்டைப் பாதைப் பணி நடக்கிறது. பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்தின் ஒரு வழித்தடமும் இதே திசையில் ஹீலலிகே வரை திட்டமிடப்பட்டுள்ளது. இரட்டைப் பாதை முடிந்ததும் காலையிலும் மாலையிலும் கூடுதல் ரயில்களை ஓசூர் வரை கேட்பது, மெட்ரோவைவிட விரைவாகவும் குறைந்த செலவிலும் கிடைக்கக்கூடியது.

மெட்ரோவைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அடுத்த முறை "ஓசூர் மெட்ரோ" என்று அறிவிப்பு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பொம்மசந்திராவில் எத்தனை அடி நடக்க வேண்டும்? ஒரே டிக்கெட்டா? எத்தனை ரயில்களுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார்கள்? இவற்றுக்குப் பதில் இருந்தால், வோல்டேஜை இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.