சலவைத் தூளும் விஞ்ஞான பாடமும்

புணே நகரின் தென்பாகமாகிய கோந்த்வாவில் துணி துவைத்த நீர், இறுதியில் முளா-முட்டா ஆற்றைச் சேர்ந்து, பீமா நதி வழியே உஜனி நீர்த்தேக்கத்தை அடைகிறது. இவ்வழியை அறியாத மாணாக்கனுக்குச் சலவைத் தூளைப் பற்றிய பாடம் பாதிப் பாடமே.

முதற்பாதி எளிது. கிண்ணத்து நீரில் ஊசியொன்றை மெல்ல மிதக்கவிட்டு, சலவைக் கரைசலில் ஒரு துளி இட்டால் ஊசி மூழ்கிவிடும். நீரின் பரப்பு இழுவிசை குறைந்ததே காரணம். கடின நீரில் சோப்பு திரிந்து படிய, சலவைத் தூள் நுரைப்பதையும் காட்டலாம்.

மறுபாதியில்தான் எச்சரிக்கை வேண்டும். ஆற்றில் நுரை கண்டவுடன் சலவைத் தூளே குற்றவாளியென முடிவு கட்டுதல் விஞ்ஞானமன்று. மட்கிய இலைதழைகளும் நுரை தரும். நுரையின்மை தூய்மைக்குச் சான்றுமன்று. 1960களில் மேனாடுகளில், பாக்டீரியாக்களால் எளிதிற் சிதையாத கிளைச்சங்கிலிப் பொருளுக்கு மாற்றாக நேர்ச்சங்கிலிப் பொருள் வந்தது; நுரை குறைந்தது. ஆயினும் சில தூள்களிலுள்ள பாஸ்பேட்டு, மலக்கழிவின் பாஸ்பேட்டோடு சேர்ந்து, ஓசையின்றித் தேங்குநீரில் பாசியை வளர்க்கிறது. அப்பாசி மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் மடியும்.

குடிநீரில் எதிர்மின் அயனிச் சலவைப் பொருளுக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள ஏற்புடைய வரம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். குப்பியைக் குலுக்கி இதனை அளக்க இயலாது. மெத்திலீன் நீலச் சோதனை வேண்டும். அதில் குளோரோபாரம் பயன்படுவதால் அது சிறுவர் கைக்குரியதன்று. ஆசிரியர் ஓடைநீரைச் சேகரித்தளிக்க, கள ஊழியர் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, கண்ட அளவை வகுப்பிற்கு அனுப்புதல் தகும்.