நங்கூரம் போடவும் அனுமதி வேண்டும்

இரவில் தெசாரு கடற்கரையில் நின்றால், தூரத்தில் வரிசையாக விளக்குகள் தெரியும். அவை மீன்பிடிப் படகுகள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பல, நங்கூரமிட்டு நிற்கும் பெரிய கப்பல்கள்.

நம் கடலில் நினைத்த இடத்தில் கப்பல் தங்க முடியாது. கடல்துறை இலாகாவின் அனுமதி வேண்டும். 1952ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 491பி பிரிவின்படி, மீறினால் 1 லட்சம் வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

பிறகு ஏன் மீறுகிறார்கள்? அடுத்த சரக்குக்காகக் காத்திருக்கும் கப்பல், துறைமுக எல்லைக்குள் நின்றால் கட்டணம் கட்ட வேண்டும். எல்லை தாண்டி, நங்கூரம் எட்டும் ஆழமுள்ள கிழக்கு ஜொகூர் கடலில் நின்றால் அந்தச் செலவு மிச்சம்.

காரணம் பணம் மட்டுமல்ல. 2023 மே 28 அன்று, தஞ்சோங் சியாங்கிற்குக் கிழக்கே 'சுவான் ஹோங் 68' என்ற சீனக் கப்பலை மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் தடுத்து வைத்தது. குற்றம், அனுமதியின்றி நங்கூரமிட்டது. சோதித்தால் உள்ளே பழைய பீரங்கிக் குண்டுகள்! 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலிருந்து எடுத்தவையோ என்ற சந்தேகம் எழுந்தது.

ஆக, அந்த அனுமதி வெறும் காகிதமல்ல. வாசலில் நிற்பவர் யார், எதற்கு வந்தார் என்று கேட்கும் முதல் கேள்வி. பெரிய எண்ணெய்க் கப்பலின் ஒரு நாள் வாடகையே பல்லாயிரம் டாலர். அவர்களுக்கு 1 லட்சம் வெள்ளி பெரிய தொகையல்ல. அபராதத்தை உயர்த்த வேண்டும்; அனுமதி பெறும் வழியையும் எளிதாக்க வேண்டும். எண்ணெய் கசிந்தாலும் வலை கிழிந்தாலும், நஷ்டம் மெர்சிங் மீனவருக்கே.