இயந்திரம் கைக்கு வந்த பிறகு: லீ பெர்ரியின் 'சூப்பர் ஏப்'

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் புத்தகத்துக்குப் பதிலாக ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டோம். 1976-இல் வெளியான 'சூப்பர் ஏப்'. ஜமைக்காவின் தயாரிப்பாளர் லீ 'ஸ்க்ராட்ச்' பெர்ரி, தன் 'அப்செட்டர்ஸ்' குழுவை வைத்துச் செய்தது. செல்போனில் போட்டால் இந்த இசையில் பாதி காணாமல் போய்விடுகிறது. கடைசியில் ஒரு தோழர் தன் அண்ணனிடமிருந்து மேடைக் கச்சேரி ஸ்பீக்கர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் பேஸ் தரைக்கு வந்தது. மூன்றாவது பாட்டு ஓடும்போது முதலாண்டு படிக்கும் தங்கை ஒருவர் கேட்டார்: "தோழர், இது பாட்டா, இல்ல பாட்டு முடிஞ்சப்புறம் மிச்சம் இருக்கிறதா?"

சரியான கேள்வி. 'டப்' என்று சொல்லப்படும் இசைக்கு இதைவிட நல்ல விளக்கம் நாங்கள் எங்கும் படிக்கவில்லை. பாட்டைப் பதிவு செய்தபின் குரலைப் பெரும்பாலும் கழற்றிவிடுவார்கள். டிரம்மையும் பேஸையும் முன்னால் இழுத்து, கிடாரையோ ஊதுகருவியையோ ஒரு கணம் காட்டி எதிரொலியில் மறைய விடுவார்கள். கிங்ஸ்டன் நகரத்து ஏழைகளின் தெருக்களில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி நடந்த 'சவுண்ட் சிஸ்டம்' ஆட்டங்களுக்காகப் பிறந்தது இது. இதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் கிங் டப்பி. ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் பழுதுபார்த்தவர் அவர். சங்கீதப் பள்ளியிலிருந்து வந்தவரல்ல.

பெர்ரியின் கதையும் அப்படித்தான். 1936-இல் ஹானோவர் மாவட்டத்தின் கெண்டல் என்ற ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியைப் பாதியில் விட்டவர், நெக்ரில் பக்கம் கட்டுமான வேலையில் இருந்தார். 1960-களின் தொடக்கத்தில் கிங்ஸ்டன் வந்து காக்ஸோன் டாட் என்ற பெரிய தயாரிப்பாளரிடம் சேர்ந்தார். தட்டு விற்பது, புதுப் பாடகர்களைத் தேடிப் பிடிப்பது, பாட்டு எழுதுவது, பாடுவது என எல்லா வேலையும் பார்த்தார். அதற்குரிய பணமும் பெயரும் கிடைக்கவில்லை என்று விலகினார். அடுத்துப் போன ஜோ கிப்ஸிடமும் அதே மனக்கசப்பு. 1968-இல் சொந்த நிறுவனம் தொடங்கி 'பீப்பிள் ஃபன்னி பாய்' என்ற பாட்டில் பழைய முதலாளியைக் கிழித்தார். அந்தப் பாட்டில் ஒரு குழந்தை அழும் சத்தத்தையும் சேர்த்திருக்கிறார். பசிக்கிற வயிறு என்று நாங்கள் புரிந்துகொண்டோம். அடுத்த ஆண்டே 'ரிட்டர்ன் ஆஃப் ஜாங்கோ' பிரிட்டன் பட்டியலில் 5-ஆம் இடத்துக்கு ஏறியது. தயாரிப்பாளர் இப்போது ஒரு பேண்டின் தலைவர். ஆனால் அவர் கையில் வாத்தியம் ஏதுமில்லை. அவர் வாசித்தது மிக்ஸரை.

1973-இன் இறுதியில் கிங்ஸ்டனின் வாஷிங்டன் கார்டன்ஸ் பகுதியில் தன் வீட்டுக் கொல்லையிலேயே 'பிளாக் ஆர்க்' ஸ்டுடியோவைக் கட்டினார். இந்தக் கட்டத்தில்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். லண்டனின் பெரிய ஸ்டுடியோக்களில் 16 ட்ராக், 24 ட்ராக் இயந்திரங்கள் ஓடிய காலம் அது. பெர்ரியிடம் இருந்தது ஒரு நான்கு ட்ராக் டேப் ரெக்கார்டர், ஒரு சிறிய மிக்ஸர், ஒரு எக்கோ பெட்டி, ஒலியைச் சுழலவைக்கும் ஒரு ஃபேஸர். நான்கு ட்ராக்கும் நிரம்பிவிட்டால் எல்லாவற்றையும் கலந்து ஒன்றிரண்டில் அடக்கி, காலியான இடத்தில் அடுத்த வாத்தியத்தை ஏற்ற வேண்டும். ஒருமுறை கலந்தால் பிரிக்க முடியாது. ஒவ்வொரு கலவையிலும் டேப்பின் இரைச்சல் கூடும், கூர்மை மழுங்கும். வேறொருவர் இதைக் குறை என்று மறைத்திருப்பார். பெர்ரி அந்த மழுங்கலையே தட்டின் நிறமாக்கிக்கொண்டார். 'ஜயான்ஸ் ப்ளட்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருக்கும், டிரம் மட்டும் கரையில் நிற்கும். வாடகை ஸ்டுடியோவில் மணிக்கணக்குப் பார்த்துப் பணம் கட்டுகிறவர் இதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தன் கொல்லையில் இரவெல்லாம் உட்கார முடிந்தவருக்கே இது கிடைக்கும்.

தட்டில் பாதிக்கு மேல் ஏற்கெனவே செய்த பாட்டுகளின் மறுபிறவி. மேக்ஸ் ரோமியோவின் 'வார் இனா பாபிலோன்' இங்கே 'பிளாக் வெஸ்ட்' ஆகிறது. அவருடைய 'சேஸ் த டெவில்' பாட்டின் அடித்தளத்தின் மேல் பிரின்ஸ் ஜாஸ்போ பேச, அது 'க்ரோக்கிங் லிசர்ட்' ஆகிறது. 1976 ஜமைக்காவில் தேர்தல் ஆண்டு. கட்சிகளின் துப்பாக்கிச் சண்டையில் ஏழைகளின் குடியிருப்புகள் செத்துக்கொண்டிருந்தன, ஜூனில் அவசர நிலை அறிவித்தார்கள். வார்த்தைகளைக் கழற்றிய பிறகும் அந்தப் பயம் இசையில் தங்கியிருக்கிறது. முழக்கம் இருந்தால்தான் அரசியல் பாட்டு என்று நினைக்கும் தோழர்கள் இதை ஒருமுறை கேட்க வேண்டும். (எங்களில் இருவருக்கு இன்னும் இதில் உடன்பாடில்லை. விவாதம் தொடர்கிறது.)

பெயரையும் பாருங்கள். ஏப் என்றால் வாலில்லாக் குரங்கு. கறுப்பின மக்களை வெள்ளையர் காலங்காலமாகத் திட்டிய சொல். அதையே பிடுங்கி 'சூப்பர்' என்று முன்னால் ஒட்டி, அட்டையில் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு நடக்கும் ராட்சதனாக நிறுத்திவிட்டார்கள். வசவைப் பெயராக்கிக்கொள்வது நமக்குப் பழக்கமான வித்தைதான், விளக்க வேண்டியதில்லை. அந்த ராட்சதன் கையில் கஞ்சாச் சுருட்டும் உண்டு. 'கஞ்சா' என்ற சொல் ஜமைக்காவுக்குப் போன வழி வேறு கதை. அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு 1845 முதல் சுமார் 36,000 இந்தியக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அவர்களோடு போன சொல் அது.

பெர்ரி பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 'பைத்தியக்கார மேதை' என்று தொடங்குகிறார்கள். எங்களுக்கு இது எரிச்சல். டேப்பின் மேல் புகை ஊதினார், சுவரெல்லாம் கிறுக்கினார், 1983-இல் எரிந்துபோன ஸ்டுடியோவைத் தானே கொளுத்தியதாகச் சொன்னார் என்று வாய் பிளந்து பட்டியல் போடுகிறார்கள். நான்கு ட்ராக்கில் எதை எப்போது கலப்பது என்ற கணக்கு மட்டும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. வெள்ளைக்காரன் ஸ்டுடியோவில் செய்தால் அது தொழில்நுட்பம். கொல்லையில் ஒரு கறுப்பர் செய்தால் அருள் வந்ததாம். பறையடிப்பதை 'ரத்தத்தில் ஊறியது' என்று பாராட்டுகிறார்களே, அதே பாராட்டுதான் இது. பயிற்சியையும் உழைப்பையும் பார்க்க மறுக்கும் பாராட்டு.

ஆனால் பெர்ரியை நாம் சாமியாக்கவும் முடியாது. 1970, 71-இல் பாப் மார்லி, பீட்டர் டாஷ், பன்னி வைலர் மூவரும் அவரிடம் பாடிய பதிவுகள் ரெகேயின் உச்சங்களில் சேர்பவை. அவை லண்டனில் விற்ற பணம் தங்களுக்கு வரவில்லை என்று அந்தக் குழு பிறகு குற்றம்சாட்டியது. 1977-இல் 'காங்கோஸ்' குழுவோடு அவ்வளவு அழகான ஒரு தட்டைச் செய்தார், அங்கேயும் பணத் தகராறு. டாட்டிடம் எதற்காகக் கோபித்துக்கொண்டு வெளியேறினாரோ, அதே கோபத்தோடு மற்றவர்கள் இவர் வாசலிலிருந்து வெளியேறினார்கள். 'சூப்பர் ஏப்'பின் பேஸை வாசித்தவர் போரிஸ் கார்டினர். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இயந்திரம் கைமாறியது. கணக்குப் புத்தகத்தின் எழுத்து மட்டும் மாறவில்லை.

இதைச் சொல்ல எங்களுக்கும் கூச்சமாக இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கட்டிய பாட்டை வெளி ஸ்டுடியோ ஒன்றில் பதிவு செய்தோம். வெளியானபோது பாடலாசிரியர் இடத்தில் 'பாரம்பரியம்' என்று போட்டிருந்தார்கள். அந்தப் பாரம்பரியம் உயிரோடு இருக்கிறது, டீக்கடையில் தினமும் உட்கார்ந்திருக்கிறது. கொதித்துப்போய், பணம் சேர்த்து ஒரு மைக்கும் பழைய லேப்டாப்பும் வாங்கி, எங்கள் அறையிலேயே பதிவு செய்யத் தொடங்கினோம். 'சூப்பர் ஏப்' கேட்ட அன்று இரவு எங்கள் சொந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்தோம். பாடியவர் பெயர் இருக்கிறது, எழுதியவர் பெயர் இருக்கிறது. பறையடித்த நான்கு பேருக்கும் சேர்த்து 'குழுவினர்' என்று ஒரே சொல். ஆறு பாட்டிலும் அப்படியே.

எழுதியது எங்கள் கைதான். யாரையும் திட்ட வழியில்லை.

நான்கு பேர் பெயரையும் சேர்த்துத் திருத்திவிட்டோம். இனி எந்தப் பதிவுக்கும் முன்னால் யார் என்ன செய்கிறார்கள், வரும் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று முடிவு. திருத்தியதைக் காட்டப் போனபோது நால்வரில் மூத்தவர் தன் பெயரைப் பார்த்துச் சிரித்தார். "பேரு சரி தம்பி. ஆனா நான் அடிச்ச அடியில பாதிய நீங்க கம்மி பண்ணிட்டீங்க. அடுத்த வாட்டி அந்தப் பொட்டி முன்னாடி நானும் உக்காருறேன்" என்றார். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.