வகுப்பறைக்குப் பின்னால் நிற்கும் மண்மேடு

2025 நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையை ஊடறுத்துச் சென்றபோது 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். எல்லா மாவட்டங்களிலும் பார்க்கக் கூடுதலான இழப்பு கண்டிக்கே. இங்கு மட்டும் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலும் மண்சரிவில். வீடுகளோடு புதையுண்டவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் மலைச்சரிவுகளில் உள்ள வகுப்பறைகள் அந்த நாட்களில் அநேகமாக வெறுமையாகக் கிடந்தன. ஆபத்தை முன்கூட்டியே கணித்து எவரும் பாடசாலைகளை மூடவில்லை. உயர்தரப் பரீட்சைக்காக விடுமுறை விடப்பட்டிருந்தது, அவ்வளவுதான். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும் மழை உக்கிரமடைந்த பின்னரே அது ஒத்திவைக்கப்பட்டது. பரீட்சைக் கால அட்டவணை சில வாரங்கள் முன்பின்னாக அமைந்திருந்தால் கண்டி மாவட்டத்தின் இழப்புப் பட்டியலில் பாடசாலைகளின் பெயர்களும் சேர்ந்திருக்கக்கூடும். இதை வாய்விட்டுச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஆயினும் இதிலிருந்து தொடங்காமல் பாடசாலைப் பாதுகாப்பைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது.

இதே போன்ற ஒரு தற்செயலிலிருந்து ஒரு சமூகம் சட்டம் செய்த வரலாறு உண்டு. 1933 மார்ச் 10ஆம் திகதி கலிபோர்னியாவின் லோங் பீச் நகரை நிலநடுக்கம் தாக்கியபோது மாலை ஆறு மணி ஆகவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஏறத்தாழ 230 பாடசாலைக் கட்டடங்கள் இடிந்தோ, கடுமையாகச் சேதமடைந்தோ, பாவனைக்கு உதவாமலோ போயின. சில மணி நேரம் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்த அம்மாநிலம் ஒரே மாதத்தில், ஏப்ரல் 10ஆம் திகதி, ஃபீல்ட் சட்டத்தை நிறைவேற்றியது. பாடசாலைக் கட்டடத்தின் வரைபடத்தை மாநில அரசின் பொறியியலாளர்கள் சரிபார்க்க வேண்டும், கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் பரிசோதகர் ஒருவர் கண்காணிக்க வேண்டும் என்று அது விதித்தது. அந்தச் சட்டத்துக்கு ஒரு குறையும் இருந்தது. அது புதிய கட்டடங்களையே கட்டுப்படுத்தியது. பழைய பாடசாலைகளுக்கென 1939இல் வேறொரு சட்டம் வந்தும், 1960களின் பிற்பகுதியில் கெடு விதிக்கப்படும்வரை பல கட்டடங்கள் அப்படியே பாவனையில் இருந்தன. கண்டிக்கு இந்தக் குறைதான் முக்கியமான பாடம். இங்கே ஆபத்தின் பெரும் பகுதி ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்குப் பின்னால் நிற்கிறது.

மலைநாட்டில் ஒரு பாடசாலை எப்படி எழும்புகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். சரிவான காணியில் சமதரை வேண்டும் என்பதற்காக மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் கொட்டுகிறார்கள். வெட்டிய பக்கம் செங்குத்தான மண்மேடாக நிற்கும், கொட்டிய பக்கம் பெரும்பாலும் விளையாட்டுத் திடலாகும். வகுப்பறையின் பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் அளவே இடைவெளி மிஞ்சும். கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் பழைய உருமாறிய பாறைகள் ஆழமாகச் சிதைவடைந்து, அவற்றின்மேல் தடித்த மண்படை கிடக்கிறது. முன்னைய சரிவுகளில் இறங்கி வந்து தங்கிய தளர்ந்த மண்ணும் பல இடங்களில் உண்டு. வரட்சிக் காலத்தில் மண்துகள்களுக்கு இடையேயுள்ள சிறிதளவு ஈரமே அவற்றை இறுகப் பிடித்து வைத்திருப்பதால், வெட்டிய மேடு சுவர்போல நிமிர்ந்து நிற்கும். ஆண்டுக்கணக்காக நிற்கிறதே, இனி என்ன ஆகப்போகிறது என்ற நம்பிக்கையும் நமக்கு வந்துவிடும். தொடர்ந்து மழை பெய்து நீர் உள்ளே இறங்கியதும் அந்தப் பிடிப்பு விட்டுப்போகிறது. அடியில் உள்ள பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே நீரின் அழுத்தம் ஏறுகிறது. கூரையிலிருந்து வழியும் நீர் பீலி உடைந்து மேட்டின் அடிவாரத்திலேயே ஊற்றினால், மேலே உள்ள கான் அடைபட்டு நீர் மேட்டுக்குள் ஊறினால், தடுப்புச் சுவரின் நீர்த்துளைகள் மண்ணால் மூடிப்போனால், அதே மேடு வெகு குறைந்த மழைக்கே சரியும். மண்மேடு சரிந்து வீழ்ந்தது என்று நாம் அடிக்கடி வாசிக்கும் செய்திகளில் பலவற்றுக்குப் பின்னால் இப்படிப்பட்ட பராமரிப்புக் குறைகளே இருக்கின்றன.

பனிபொழியும் நாடுகளில், கூரை எவ்வளவு பனியின் பாரத்தைத் தாங்க வேண்டும் என்று கட்டட விதியே வரையறுக்கிறது. எங்கள் மாரிகாலத்தின் பாரம் கூரையில் இறங்குவதில்லை, கட்டடத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் இறங்குகிறது. எங்கள் நடைமுறைகள் அந்தப் பக்கம் போதிய அளவு திரும்பவில்லை. விதியே இல்லை என்று சொல்வது நியாயமல்ல. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978 முதல் இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெறவேண்டும் என்ற ஏற்பாடு பத்தாண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் உள்ளது. 1990களிலிருந்து அந்த நிறுவனம் தயாரித்த அபாய வரைபடங்களும் கையில் உள்ளன. இருந்தும் 2020 செப்டெம்பர் 20ஆம் திகதி அதிகாலை கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடமொன்று சரிந்து, பக்கத்து வீட்டிலிருந்த தாயும் தகப்பனும் கைக்குழந்தையும் மாண்டுபோனார்கள். அனுமதி வழங்கும் முறை கட்டடம் எழும்பும் நாளையே பார்க்கிறது. அதன் பிறகு பக்கத்துக் காணியில் யார் மண் வெட்டினார்கள், மேலே எந்த வீதி அகலமாக்கப்பட்டது, எந்தக் கான் தூர்ந்தது என்பதை மறுபடி போய்ப் பார்க்க யாருக்கும் கடமை விதிக்கப்படவில்லை. ஆகவே நான் கேட்பது ஒன்றைத்தான். கண்டி மாவட்டத்தில் சரிவில் அல்லது சரிவின் அடியில் உள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும், ஒவ்வொரு பல்கலைக்கழகக் கட்டடத்துக்கும், ஒக்டோபர் மழை தொடங்குமுன் ஆண்டுதோறும் சரிவுச் சான்றிதழ் ஒன்று சட்டப்படி கட்டாயமாக்கப்பட வேண்டும். சான்றிதழ் இல்லாத கட்டடத்தில் அந்த மாரிகாலத்தில் மாணவர்களை அமர்த்தக் கூடாது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1952இல் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்து வந்த இந்த வளாகம், ஒருபுறம் ஹந்தான மலைத்தொடரும் மறுபுறம் மகாவலியுமாக அமைந்தது. அதன் அழகும் ஆபத்தும் ஒரே அமைப்பிலிருந்து வருகின்றன. டித்வா நாட்களில் ஆறு பெருகி வளாகத்தின் தாழ்ந்த பகுதிகளுக்குள் புகுந்தது. மலைப்பக்கத்துக்கு 2010இல் சூழல் பாதுகாப்புப் பிரதேசம் என்ற சட்டத் தகுதி கிடைத்தது. ஆனாலும் ஹந்தானச் சரிவுகளில் கட்டடங்கள் ஏறிக்கொண்டே போவதைப் பற்றிய கவலை தீரவில்லை. பாடசாலையில் பிள்ளைகள் பகலில் மட்டுமே இருப்பார்கள். பல்கலைக்கழக விடுதியிலோ ஆயிரக்கணக்கானோர் இரவிலும் உறங்குகிறார்கள். நள்ளிரவில் மழை வலுத்தால் எந்தக் கட்டடத்தை யார் வெறுமையாக்குவது, எந்தப் பாதையால், எங்கே கொண்டுபோவது என்று முன்கூட்டியே எழுதி ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

டித்வா போன்ற மழை தலைமுறைக்கு ஒருமுறை வருவது, அதற்காக ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனையா என்று கேட்பவர்கள் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150 தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேற்றம். கண்டியின் இடைப்பருவ மழைக்கு 75 மில்லிமீற்றர் புதிதல்ல. அதிலும் டித்வாவில் அசைந்து, வெடிப்பு விட்டு, முழுதாக இறங்காமல் நின்றுவிட்ட சரிவுகள் இனிச் சாதாரண மழைக்கும் பழையபடி தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பணம் இல்லை என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். பொருளாதார நெருக்கடியிலிருந்து முழுதாக மீளாத நாட்டில், சூறாவளி உடைத்தவற்றைக் கட்டுவதற்கே நிதி தேடும் மாகாணத்தில், இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் ஆண்டுச் சான்றிதழ் கேட்கும் வேலைகளில் பெரும்பாலானவை கான் துப்புரவு, பீலி திருத்தம், தடுப்புச் சுவரின் துளைகளைத் திறந்துவிடுதல், மேட்டின் உச்சியில் நீரைத் திசைதிருப்பும் வாய்க்கால், வெட்டிய மண்ணுக்குப் புல்மூடல் என்ற அளவில்தான் இருக்கின்றன. கொங்கிறீற் சுவரும் மண்ணுக்குள் செலுத்தும் இரும்புக் கம்பிகளும் சில இடங்களுக்கே தேவைப்படும். எந்தெந்த இடங்களுக்கு என்பதைப் பரிசோதித்தால்தானே தெரியும்? ஆள்பலம் போதாது என்பதும் உண்மைதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் புவிச்சரிதவியல் வல்லுநர்கள் ஒவ்வொரு பாடசாலைக்கும் நேரில் வர முடியாது. ஆனால் பேராதனையில் பொறியியல் பீடமும் புவிச்சரிதவியல் துறையும் இருக்கின்றன. வலயக் கல்விப் பணிமனைகளின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களை அங்கே பயிற்றுவித்து முதற்கட்டப் பார்வையிடலை அவர்களிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் ஐயத்துக்குரியதென்று குறிப்பவற்றை மட்டும் வல்லுநர்கள் பார்த்தால் போதும்.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது மூன்றாவது ஆட்சேபம். புசல்லாவை, தெல்தோட்டை, கலஹா, நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளே இந்த விதியால் முதலில் மூடப்படும், ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைகள் படிப்பையும் இழப்பார்கள் என்கிறார்கள். அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களின் பிற்பகுதியில்தான். பல பாடசாலைகளுக்குக் கிடைத்தது தேயிலைக்கு உதவாத துண்டுக் காணி. இந்த அநீதியைக் காரணம் காட்டி அதே மேட்டின் கீழ் பிள்ளைகளைத் தொடர்ந்து அமர்த்துவது இன்னோர் அநீதி ஆகும். தோட்டக் காணி அரசுடையது, 1992 முதல் கம்பனிகளுக்குக் குத்தகையில் இருக்கிறது. பாதுகாப்பான சமதரைக் காணியைப் பாடசாலைக்கு விடுவிக்கும் அதிகாரம் அரசின் கையில்தான் உண்டு. மூடவேண்டியது பெரும்பாலும் ஒரு மண்டபமோ இரண்டு வகுப்பறைகளோ ஆக இருக்கும். பாடசாலை முழுவதையும் மூடவேண்டிய இடத்தில், மாற்று இடத்தையும் போக்குவரத்தையும் ஏற்பாடு செய்யாமல் பூட்டுப் போட முடியாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. அங்கிருந்து வெளியேறுமாறு 2005இலும் 2011இலும் மக்களுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. போவதற்குக் காணி கொடுக்கப்படாத எச்சரிக்கை அவர்களுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. அந்தக் காலையில் பாடசாலைக்குப் போயிருந்ததனால் மட்டும் உயிர்தப்பிய பிள்ளைகளும் உண்டு.

இதில் இன்னொரு விடயம் இருக்கிறது. டித்வாவின்போது வீடிழந்த மக்களுக்குப் புகலிடமாகத் திறக்கப்பட்டவை பெரும்பாலும் பாடசாலைகளே. கிராமமே ஓடிவந்து ஒதுங்கும் கட்டடம் சாதாரண வீட்டைவிட உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் பொறியியலாளர் ஏற்கும் கொள்கை. இங்கே அது எழுத்தில் வர வேண்டும்.

தேசிய பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழும் மற்றவை மத்திய மாகாண சபையின் கீழும் இருப்பதால், பொறுப்பு இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தையும் கட்டடத்தை மூடும் அதிகாரத்தையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சட்டத்தின் மூலம் கொடுத்து, திருத்த வேலைக்கான நிதியை ஒவ்வோர் ஆண்டும் பாதீட்டில் தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும். சான்றிதழைத் தமிழிலும் சிங்களத்திலும் பாடசாலை வாயிலில் ஒட்ட வேண்டும். அதில் எந்தக் கட்டடத்துக்கு என்ன குறை, எந்தத் திகதிக்குள் திருத்தப்படும், பொறுப்பான உத்தியோகத்தர் யார் என்பவை இருக்க வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உள்ள ஒரு தாய் அதை வாசித்துவிட்டு, திகதி கடந்தும் கான் வெட்டப்படவில்லையே என்று வலயக் கல்விப் பணிப்பாளரிடம் போய்க் கேட்கும் உரிமையும், பதில் கிடைக்கும்வரை தன் பிள்ளையை அந்த வகுப்பறைக்கு அனுப்ப மறுக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இடம்பெற வேண்டும். அடுத்த ஒக்டோபருக்குள் மாவட்டம் முழுவதையும் பார்த்து முடிக்க முடியாவிட்டால், டித்வாவின்போது வெடிப்பு விட்ட சரிவுகளுக்குக் கீழே உள்ள பாடசாலைகளிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.