டெல்டா நெல்லுக்கு 2.7 கோடி கணக்குகள்: சூப்பர் கம்ப்யூட்டர் மட்டும் போதுமா?

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்க வேண்டும். தள்ளிப்போனால்? எப்போது விதைப்பது, எந்த ரகம் தாங்கும் என்பதுதான் தஞ்சை விவசாயியின் கவலை. இதற்குக் கம்ப்யூட்டரிலும் விடை தேடலாம்.

எப்படி?

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ‘ஒரைசா’ மென்பொருள், பயிர் வளர்வதை நாள்வாரியாகக் கணக்கிடும். வானிலை, மண், ரகம், தண்ணீர், உரம் பற்றிய விவரங்களைக் கொடுத்தால் விளைச்சலைக் கணிக்கும்.

30 விதைப்புத் தேதிகள், 5 ரகங்கள், 6 உர அளவுகள், 30 ஆண்டு வானிலை என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 27,000 கணக்குகள். 1,000 இடங்களுக்குப் போட்டால் 2.7 கோடி! ஒன்றுக்கு ஒரு நொடி என்றாலும், ஒரே ஒரு பிராசஸர் கோருக்கு 312 நாள் ஆகும். 1,000 கோர் இருந்தால் ஏழரை மணி நேரம்தான். நடவு மாதிரிதான் இதுவும். ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியும். ஒரு கணக்கு இன்னொன்றின் விடைக்காகக் காத்திருக்காது.

என்ன செய்யணும்?

முதலில் ஒரே ஒரு கணக்கைப் போட்டு, உண்மையான அறுவடையோடு ஒப்பிட வேண்டும். அது சரியாக வந்தபின், எல்லாச் சேர்க்கைகளுக்கும் வரிசை எண் போட்டு, ‘ஸ்லர்ம்’ போன்ற மென்பொருளிடம் கொடுத்தால் அது கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஒரு நொடி வேலைகளைத் தனித்தனியாக அனுப்பினால் வரிசை திணறும். ஆயிரம் ஆயிரமாகக் கட்டி அனுப்புவது நல்லது. ஒவ்வொரு கட்டுக்கும் தனி ஃபோல்டர் வேண்டும். இல்லையென்றால் ஒன்றின் விடையை இன்னொன்று அழித்துவிடும்.

இயந்திரம் எங்கே?

பக்கத்திலேயே இருக்கு. திருச்சி என்ஐடியில் 2022 மே 25-ல் தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டரின் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது, நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்.

அப்புறம் என்ன சிக்கல்?

உள்ளே போகும் எண்கள்தான். குறுவைக்கான ஆடுதுறை 43 சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும், சம்பாவுக்கான சி.ஆர். 1009-க்கு ஐந்து மாதம் வேண்டும். ரகத்தின் வயதையோ மண்ணின் தன்மையையோ தப்பாகக் கொடுத்தால், கிடைப்பது 2.7 கோடி தப்பான விடைகள். அதுவும் வேகமாக!

இது வெறும் ஆராய்ச்சி இல்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பங்கேற்ற ‘ரைஸ்’ திட்டத்தில், ரேடார் செயற்கைக்கோள் படங்களோடு ஒரைசாவும் இணைக்கப்பட்டது. 2016-17 வறட்சியின்போது பயிர்க் காப்பீட்டுக்கும் அந்தத் தகவல்கள் பயன்பட்டன. ஆக, மாதிரிக்குள் போகும் ஓர் எண், விவசாயியின் இழப்பீட்டையும் தொடும்.

அறுவடைப் பரிசோதனையை வயலில் நின்று பார்க்கலாம். கம்ப்யூட்டர் கணக்கை அப்படிப் பார்க்க முடியாது. அதனால், எந்த ரகத்துக்கு, எந்த மண்ணுக்கு என்ன எண் கொடுத்தார்கள் என்பதை ஊர்வாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும். தப்பு இருந்தால், அதை முதலில் கண்டுபிடிக்கப்போவது அந்த ஊர் விவசாயிதான்.