ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடும் அப்பா

மாண்புமிகு சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அவர்களுக்கு,



விருத்தாசலத்துக்காரனுக்கு மனு எழுதுவது புதிதல்ல. ஊரை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். கொடுத்த கடன் திரும்பாதவர், களவு கொடுத்தவர், பிள்ளையில்லாதவர் என்று யார் யாரோ வந்து, வெள்ளைத் தாளில் குறையை எழுதி அவர் சந்நிதியில் வைத்து, முனியப்பர் முன்னால் கட்டிவிட்டுப் போவார்கள். பிராது கட்டுவது என்று அதற்குப் பெயர். மூன்று நாள், மூன்று வாரம், மிஞ்சினால் மூன்று மாதம், அதற்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்தவர் திரும்ப வந்து பிராதை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் முறை. நானும் ஒன்று கட்டினேன். அதில் என்ன எழுதினேன் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். உங்களுக்கு எழுதும் இந்தப் பிராது வேறு.

என் வழக்கு நிலுவையில் இருக்கிறது. அதனால் வழக்கு எண்ணையோ நீதிமன்றத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. என் மகளின் பெயரையும் எழுதவில்லை. அவள் அம்மாவைப் பற்றிக் குறை சொல்லவும் இந்த மடல் இல்லை. அவர் நல்ல அம்மா. எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். யார் பக்கம் நியாயம் என்பதை என் வழக்கை விசாரிக்கும் நீதிபதி பார்த்துக்கொள்வார்.

நான் இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சு ஊற்றுகிறவன். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணோடு சேர்க்க வேண்டியதைச் சேர்த்து அரைத்து, தண்ணீரில் கரைத்து, மோர்க்குழம்புப் பதத்துக்குக் கொண்டுவந்து பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவோம். அச்சு சும்மா இருக்காது, குழம்பிலுள்ள தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச மண் உட்சுவரோடு படிந்து ஓடாகக் கெட்டிப்படும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட வேண்டும். முந்தினால் உருப்படி தொளதொளத்துச் சரியும். பிந்தினால் கனத்துப்போய், உலரும்போது விரிசல் விடும். அந்தப் பதம் பார்ப்பதற்குத்தான் எனக்குக் கூலி.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாள்களில் மகளையும் வேலைக்குக் கூட்டிப்போவேன். அப்போது அவளுக்கு மூன்று வயது இருக்கும். அச்சுக்கு எதிரே குந்திக்கொண்டு அசையாமல் பார்ப்பாள்.

“அச்சு என்னாப்பா பண்ணுது?”

“தண்ணி குடிக்குது.”

“எப்ப வயிறு ரொம்பும்?”

“நீயே பாத்துச் சொல்லு.”

அன்றிலிருந்து சோறு போதுமென்றால், “அச்சு ரொம்பிடுச்சு” என்று தட்டைத் தள்ளுவாள். இன்றும் மதியச் சாப்பாட்டை முடித்துத் தூக்குவாளியை மூடும்போது அந்த வார்த்தை என் வாயில் வந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எதுவும் கேட்பதில்லை.

மூளி விழுந்து கழித்துப்போட்ட பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைப் பையில் அள்ளிக்கொண்டு வந்து, வீட்டில் வரிசையாக அடுக்கி ரயில் விடுவாள். எங்கள் ஊர் ஜங்ஷன், விழுப்புரம் – திருச்சி பாதையில் இருக்கிறது. சேலத்துக்கும் கடலூருக்கும் அங்கிருந்துதான் பாதை பிரியும். அதனால் அவள் ரயிலுக்கும் நாலு திசை உண்டு. சமையற்கட்டு சேலம், வாசல் கடலூர். சேலம் போன ரயில் அங்கேயே நின்றுவிட்டால் அவள் அம்மா ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, துடைத்து, திருப்பி அனுப்புவார். இப்போது என் மகள் இருப்பது அந்தச் சமையற்கட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில்தான்.

எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயிலில் எல்லாம் ஐந்து. ஊரில் பிறந்த பிள்ளைக்கு அதுதான் முதல் கணக்கு. “கோபுரம் அஞ்சு, கொடிமரம் அஞ்சு, தேர் அஞ்சு” என்று விரலை மடக்கிக்கொண்டே பிரகாரம் சுற்றுவாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: “நம்ம வூட்ல மட்டும் ஏம்ப்பா மூணு?” நாங்கள் இருவரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்ததில் எனக்குக் கடைசியாக நினைவிருப்பது அது.

இவற்றையெல்லாம் ஏன் ஒரு தலைமை நீதிபதிக்கு எழுதுகிறான் என்று நினைக்கலாம். ஒன்றைக் காட்டத்தான். இந்த நினைவுகளில் ஒன்றுகூடத் திருவிழா நாளில் நடந்ததில்லை. எதையும் நான் ஏற்பாடு செய்யவில்லை. நான் என் வேலையைப் பார்த்தேன், அவள் அவள் வேலையைப் பார்த்தாள். பிள்ளை நம்மைக் கவனிக்காமல் நம் பக்கத்தில் இருக்கிற நேரத்தில்தான் அப்பா என்கிற உறவு கெட்டிப்படுகிறது. அச்சுக்குள் குழம்பு இருப்பதைப் போலத்தான் அதுவும்.

அவளுக்கு ஐந்து வயதில் பிரிந்தோம். இப்போது ஒன்பது. இடைக்கால உத்தரவின்படி மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை 10 மணி முதல் 12 மணி வரை, அந்த ஊர் நீதிமன்ற வளாகத்தில் நான் அவளைப் பார்க்கலாம். ஒரு சனிகூடத் தவறாமல் நடந்தால் ஆண்டுக்கு 48 மணி நேரம். முழுதாக இரண்டே நாள். தவறாமல் நடந்த ஆண்டு இதுவரை இல்லை. காய்ச்சல், பரீட்சை, பள்ளி ஆண்டு விழா, உறவில் ஒரு சாவு. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் போன சனி போனதுதான். அதற்கு ஈடாக வேறொரு நாள் வேண்டுமென்றால் தனி மனு போட வேண்டும். அந்த மனு முடிவதற்குள் இன்னும் நாலு சனி போய்விடும்.

நாங்கள் சந்திக்கும் இடம் ஒரு தாழ்வாரத்து பெஞ்சு. பக்கத்து பெஞ்சில் வேறொரு குடும்பத்தின் சண்டை நடக்கும். என் இடத்தில் அம்மாக்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கண்ணும் என் கண்ணைப் போலவே சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். முதல் அரைமணி கூச்சம் தெளியவே போய்விடும். கடைசிக் கால்மணி பிரிவை நினைத்தே கழியும். நடுவில் மிஞ்சுவதை வீணாக்கக் கூடாதென்று சிப்ஸ், வளையல், கலர் பென்சில் என்று பையைக் காலி செய்துகொண்டிருப்பேன். வருஷத்துக்கு ஒருமுறை பண்டம் வாங்கி வரும் தூரத்து மாமாவைப் போல் ஆகிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அவள் கேட்டாள்: “நீங்க என்ன தப்பு செஞ்சீங்க? தப்பு செஞ்சவங்கதான் கோர்ட்டுக்கு வருவாங்களாம்.”

அந்தக் கேள்விக்கு ஏதோ பதில் சொல்லிச் சமாளித்தேன். அதைவிட என்னை உறுத்தியது கேள்வியின் முதல் சொல். ‘நீங்க’. என் மகள் என்னை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள். ‘நீ வாப்பா’, ‘நீ தூக்கு’, ‘நீ போ, உன்கூட டூ’. எப்போது ‘நீங்க’ வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்களை அப்படித்தான் பேச வேண்டும் என்று யாரோ நல்லபடியாகத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று பக்கத்து பெஞ்சுக்காரர் பாராட்டினார்.

எங்கள் ஊர் மணிமுத்தாற்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழமலைநாதர் கொடுத்த 12,000 பொன்னைச் சுந்தரர் அந்த ஆற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று ஊர்முழுக்கச் சொல்கிற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். கதையின் மிச்சத்தை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. குளத்தில் கிடைத்த பொன்னை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது. சுந்தரர் மறுபடியும் பாடித்தான் பழைய மாற்றை வாங்கினார்.

பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்துக்குத்தான் வழக்கு போக வேண்டும் என்கிறது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். அதில் எனக்கு வருத்தமில்லை. அலைவது பிள்ளையாக இல்லாமல் நானாக இருப்பதுதான் சரி. ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடத் தயாராகத்தான் விடியற்காலை ரயில் ஏறுகிறேன். கையில் கிடைப்பது மாற்றுக் குறைந்து கிடைக்கிறதே என்பதுதான் என் குறை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டம், பிள்ளையின் நலமே முதன்மை என்கிறது. 2020 ஜனவரியில் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் இருவரின் அன்பும் பிள்ளைக்கு உரியது என்றது. நேரில் பார்ப்பது மட்டும் போதாது, தொலைபேசியிலும் காணொலியிலும் பேசுவதற்கும் வழி செய்ய வேண்டும் என்று இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றங்களுக்குச் சொன்னது. 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில், வளர்ப்புப் பொறுப்பைப் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ள இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைச் சட்டமாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. அதை உங்களிடம் கேட்கவில்லை. ஆனால் காப்பாளர் சட்டத்தின் கீழும், 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் கீழும் விதிகள் வகுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்திடம் இருக்கிறது. நான் கேட்பதெல்லாம் அந்த எல்லைக்குள் அடங்கும்.

முதலாவது, இடம். பிள்ளையைப் பார்க்க வேண்டிய இடம் நீதிமன்றத் தாழ்வாரமாக இருக்க வேண்டாம். எல்லா ஊரிலும் புதுக் கட்டடம் கட்ட வேண்டும் என்று கேட்கவில்லை. நூலகம் இருக்கிறது, பூங்கா இருக்கிறது, சனிக்கிழமை மாலையில் பூட்டிக் கிடக்கும் அங்கன்வாடி இருக்கிறது.

இரண்டாவது, தவறிய நாளுக்கு ஈடு. எந்தக் காரணத்தால் தவறினாலும் அடுத்த வாரம் அதே நேரம் என்று முதல் உத்தரவிலேயே எழுதிவிட்டால், மனுவும் வாய்தாவும் மிச்சம்.

மூன்றாவது, தொலைபேசி. தினம் பத்து நிமிஷம். “இன்னிக்கு என்ன குழம்பு?” என்று கேட்டு வைத்துவிடுகிற அளவுக்குப் போதும்.

நான்காவது, நீளம். இரண்டு மணி நேரத்தில் தொடங்கினால் ஆறு மாதத்தில் அரைநாள், ஓராண்டில் ஒரு நாள், பிறகு பள்ளி விடுமுறையில் பாதி என்று, தவறு எதுவும் நேராதவரை நேரம் தானாகக் கூடிக்கொண்டு போகட்டும். இன்று வழக்கு நீள்கிறது, நேரம் நீள்வதில்லை.

அடித்து உதைத்தவரிடமிருந்து பிள்ளையைக் காக்க வேண்டிய வழக்குகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். அங்கே காவலும் மேற்பார்வையும் இருந்தே ஆக வேண்டும். அதை நீதிபதி வழக்கைப் பார்த்து முடிவு செய்யட்டும். எல்லா அப்பாவையும் எல்லா அம்மாவையும் அதே தாழ்வாரத்தில் உட்கார வைக்க வேண்டாம்.

நடக்காததைக் கேட்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை அந்த வளாகத்தில் வேறு ஏதோ நிகழ்ச்சி, உள்ளே இடமில்லை. இரண்டு தரப்பு வக்கீலும் பேசி, எதிரிலிருந்த நகராட்சிப் பூங்காவுக்குப் போகச் சொன்னார்கள். துணைக்கு அவள் பாட்டியும் வந்தார். முந்தின இரவு மழை பெய்திருந்தது. ஊஞ்சலடியில் சேறு. மகள் சற்று நேரம் ஓரமாக நின்று பார்த்தாள். பிறகு பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குந்தினாள். நானும் குந்தினேன். எதுவும் பேசிக்கொள்ளவில்லை. நான் மண்ணைக் கரைத்தேன், அவள் கொட்டாங்கச்சி தேடிக்கொண்டு வந்தாள். கடிகாரம் எதுவும் கண்ணில் படவில்லை. என் கைப்பதத்தை எட்டிப் பார்த்து அதட்டினாள்:

“இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துப்பா. நீ எப்பவும் கெட்டியாத்தான் கலக்குற.”

பாட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தண்ணீர் ஊற்றினேன். பன்னிரண்டு மணிக்கு அவள் கையைக் கழுவிவிட்டு அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே தாழ்வாரம், மறுபடியும் ‘நீங்க’.

குறை தீர்ந்தால் பிராதை விலக்கிக்கொள்வது எங்கள் ஊர் முறை என்று முதலிலேயே சொன்னேன். கொளஞ்சியப்பருக்கான மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது, அவரை நான் நெருக்கவில்லை. உங்களுக்குத் தவணை சொல்லும் உரிமையும் எனக்கில்லை. என் மகளின் வயதை மட்டும் சொல்லிவைக்கிறேன். இப்போது ஒன்பது. வரும் ஆவணியில் பத்து.

இப்படிக்கு,
பணிவுடன்,
விருத்தாசலம் பீங்கான் தொழிலாளி ஒருவன்