சொருகினால் போதுமா?

"சார், யூஎஸ்பி டிஸ்க்கைச் சொருகிட்டேன், இனி பேக்கப் தானா ஓடும்" என்றான் நம் பழைய மாணவன் ஒருவன். ஓடியது. எங்கே? கேபிள் தளர்ந்து டிஸ்க் கழன்றதை யாரும் கவனிக்கவில்லை. பிராக்ஸ்மாக்ஸ் அதே பெயரிலிருந்த வெறும் ஃபோல்டரில், அதாவது சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே எழுதித் தள்ளியது! தினமும் 'ஓகே' என்றுதான் காட்டியது. கடைசியில் இடம் நிரம்பி லாகின்கூட ஆகவில்லை. பள்ளிப் படங்கள் அத்தனையும் அதில்தான்.

இப்போது "யூஎஸ்பியே சர்வருக்கு ஆகாது சார்" என்கிறான். ஒப்புக்கொள்ள மாட்டேன். மெய்நிகர் கணினிகளை அதிலேயே ஓட்டுவதுதான் வம்பு; பேக்கப்புக்குத் தாராளமாகப் போதும். ஸ்டோரேஜ் அமைப்பில் 'இஸ்_மவுண்ட்பாயின்ட்' என்று ஒரு வரி இருந்திருந்தால், டிஸ்க் இல்லாதபோது எழுத மறுத்திருக்கும். எஃப்எஸ்டேபில் 'எஸ்டிபி' என்று வேறு எழுதியிருக்கிறான்! உட்கார்ந்த இடத்தைப் பார்த்து வருகைப்பதிவு எடுத்தால் நான் விடுவேனா? யூயூஐடி எதற்கு இருக்கிறது? 'நோஃபெயிலு'ம் இல்லை, டிஸ்க் இல்லாத நாளில் சர்வர் பாதியிலேயே நின்றுவிடும்.

இதைச் செய்தவன் படித்துக்கொண்டுதான் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை வா. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு என் எதிரில் பேக்கப்பை ஓட்டு. எரர் வந்தால்தான் காபி.